சந்தைப் பை வீட்டுக்கு வந்ததும்: காவிரி டெல்டா வீடுகளில் காய்கனிகளைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் முறை

வாங்கிய காயும் கீரையும் அடுப்பங்கரைக்குப் போகாமல் எருக்குழிக்குப் போவதற்கு ஃபிரிட்ஜ் சிறியதாக இருப்பதுதான் காரணம் என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. உண்மையில், சந்தைப் பை வீட்டுக்குள் வந்த முதல் அரை மணி நேரத்தில் அதைப் பிரித்துத் தரம் பார்க்காமல் அப்படியே ஒரு மூலையில் சாய்த்து வைப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்கு வித்திடுகிறது. வாரம் 600 ரூபாய்க்குக் காய்கனி வாங்கும் ஒரு வீட்டில் எட்டில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 75 ரூபாய், ஆண்டுக்கு 3,900 ரூபாய் வீணாகிறது. சந்தையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தரச் சொல்லி வாதாடுகிற நாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பறித்த பிறகும் காய் உயிருள்ள பொருள்தான். அது மூச்சுவிடுகிறது, தன்னிடம் இருக்கும் மாவையும் சர்க்கரையையும் செலவழிக்கிறது, நீரை வெளியே விடுகிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில காய்களில் மூன்று மடங்குகூட ஆகும். சித்திரை வெயிலில் காய் வாடுவதற்கும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் அதே காய் பூஞ்சை பூத்து அழுகுவதற்கும் செய்ய வேண்டிய மாற்று வெவ்வேறு. டெல்டாவில் ஆண்டு முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுபவர்களுக்குப் பாதி நாள் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான்.

வாங்கும் நேரமும் வந்த வழியும்

கொள்ளிடக் கரைப் படுகையில் விளைந்து, விடியற்காலையில் பறித்து, உழவர் சந்தைக்கு நேராக வரும் கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை ஆகியவற்றுக்கு நம் வீட்டில் இருக்கும் ஆயுள் அதிகம். நீலகிரியிலிருந்து வரும் கேரட், பீட்ரூட் போன்ற மலைக்காய்கள் லாரியிலும் மண்டியிலும் ஓரிரு நாளைக் கழித்துவிட்டு வருகின்றன. ஊட்டிக் கேரட்டை இயந்திரத்தில் கழுவித்தான் மூட்டை கட்டுகிறார்கள் என்பதால், அது பெரும்பாலும் ஈரத்தோடே நம் கைக்கு வருகிறது. இந்த இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டு அமுக்கினால் ஈரம் வெண்டைக்காய்க்கு ஏறி, மறுநாள் அதன் மேல் கறுப்புத் தழும்பு தெரியும். இரண்டு பை எடுத்துப் போவதுதான் வழி.

மாலையில் கூறு கட்டி விற்கும் காய் மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நாள் முழுவதும் வெயிலும் தண்ணீர்த் தெளிப்பும் பட்ட காய். கூறு வாங்கினால் அன்றிரவு அல்லது மறுநாள் காலைக்குள் சமைத்துவிட வேண்டும். வாரத்துக்கு இருப்பு வைப்பதற்குக் கூறு வாங்குவது, என் கணிப்பில், மலிவாக வாங்கி விலையேற்றி உண்பதற்குச் சமம்.

முதல் அரை மணி நேரம்

கூடத்தில் ஒரு பாயையோ பழைய வேட்டியையோ விரித்து, பையிலுள்ள அனைத்தையும் கொட்டி, மின்விசிறிக் காற்றுப் படும்படி பரப்ப வேண்டும். அடிபட்டது, வெடித்தது, புழு துளைத்தது, காம்புப் பக்கம் மெத்தென்று இருப்பது ஆகியவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். ஒரு தக்காளி கசிந்தால் அதன் சாறு பட்ட மற்ற தக்காளிகளும் கெடும் என்பதால், இந்த ஒதுக்கலை நாளைக்குத் தள்ளக் கூடாது. ஒதுக்கியதெல்லாம் குப்பை அல்ல. கெட்ட பாகத்தை நறுக்கித் தள்ளிவிட்டு அன்றைய சாம்பாருக்கோ கூட்டுக்கோ போடலாம். ஆனால் பூஞ்சை பிடித்த மென்மையான பழத்தையும் தக்காளியையும் முழுவதுமாக எறிந்துவிடுவதே நல்லது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்கு அப்பாலும் அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றின் தழையை அப்போதே நறுக்கிவிட வேண்டும். தழை இருக்கும்வரை அது கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முள்ளங்கித் தழையைப் பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்யலாம். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட்டு, நன்றாக உலர்ந்த டப்பாவில், அடியில் ஒரு துணித்துண்டு போட்டு வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். எதையும் கழுவி வைக்கக் கூடாது. கழுவுவது சமைக்கும் நேரத்து வேலை. தண்ணீர் தெளித்த காயாக இருந்தால் துடைத்து, உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

கீரை

கீரையில்தான் அதிகம் இழக்கிறோம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை எதுவானாலும் கட்டின் நடுவே கை வைத்துப் பார்த்தால் வெளிப்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும். நெருக்கிக் கட்டிய தழை விடுகிற மூச்சின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்குவதால், முதலில் அழுகுவதும் அந்த நடுப்பகுதிதான். ஆகவே வந்தவுடன் வாழைநாரை அவிழ்த்துவிட்டு, வேரை மண்ணோடு நறுக்கி, மஞ்சள் இலையையும் நசுங்கிய இலையையும் பொறுக்கிய பின், பத்து நிமிடம் காற்றாட விட வேண்டும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைக்கலாம். பனி உறையாத புதுவகை ஃபிரிட்ஜ்களில் காற்று வறண்டு சுழல்வதால், டப்பா இல்லாமல் துணியில் மட்டும் சுற்றி வைத்த கீரை இரண்டு நாளில் சருகாகிவிடும். துணி இல்லாமல் டப்பாவில் மட்டும் வைத்தால் வியர்த்து அழுகும். இரண்டும் சேர்ந்தால்தான் சரியாக இருக்கும். துணி நனைந்திருந்தால் மறுநாள் மாற்ற வேண்டும்.

செய்தித்தாளில் சுருட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. கிழிந்த வேட்டி, துவைத்த மஞ்சப்பை ஆகியவை இந்த வேலைக்கு அதைவிட நன்றாகப் பயன்படும்.

முருங்கைக்கீரைக்கு வேறு வழி. அதைச் சேமிக்க முயல்வதைவிட, மாலையில் கொப்பாகவே ஒரு துணியில் இறுகச் சுற்றி மூலையில் வைத்துவிட்டால், காலையில் உதறியதும் இலையெல்லாம் காம்பை விட்டுத் தானாக உதிரும். உருவும் வேலை மிச்சம். உதிர்ந்த இலையை அன்றே சமைக்க வேண்டும். அதிகமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, நொறுங்கும் பதத்தில் பொடித்து, காற்றுப் புகாத ஜாடியில் வைத்துக்கொண்டு அடை மாவிலும் பருப்புப் பொடியிலும் கலந்துகொள்ளலாம்.

கொத்தமல்லிக்கு வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தும் முறையும் உண்டு. தண்ணீரைத் தினமும் மாற்றுகிற வீட்டுக்கே அது பொருந்தும். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாமல் துடைத்து, டப்பாவில் வைத்தால் நீண்ட நாள் பச்சையாக இருக்கும். கொசுறாகக் கிடைத்தது என்பதற்காக அதை அலட்சியமாகப் பையின் அடியில் விட்டுவிடுகிறோம். கடையில் தனியாக வாங்கும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாதவை

வெப்ப நாட்டுக் காய்களில் பலவற்றுக்குக் குளிர் ஆகாது. வாழைக்கு ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். காயாக இருந்தால் பிறகு சரியாகப் பழுக்கவும் செய்யாது. கத்தரிக்காயை 4 டிகிரியில் பல நாள் வைத்தால் தோலில் குழி விழுந்து, உள்ளே விதை பழுப்பாகும். ஆகவே கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகியவற்றை இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஃபிரிட்ஜில் வைக்காமல், துணிப்பையில் போட்டு, ஃபிரிட்ஜுக்குள் கதவை ஒட்டிய, குளிர் குறைந்த இடத்தில் வைத்து முதலில் அவற்றைத் தீர்த்துவிடுவது நல்லது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட் போன்றவை குளிருக்குப் பழகியவை. அவை வாரக் கடைசிவரை காத்திருக்கும். திங்களில் வெண்டை, சனியில் முட்டைக்கோஸ் என்று சமையல் வரிசையை இதற்கேற்ப அமைத்துக்கொண்டால் சேமிப்பு வேலையில் பாதி முடிந்தது.

தக்காளியைச் செங்காயாக வாங்கி, காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு ஒற்றை அடுக்காக ஓலைத்தட்டில் வைத்து வெளியிலேயே பழுக்க விட வேண்டும். நன்றாகச் சிவந்த பின் ஃபிரிட்ஜில் வைத்தால் சுவை சற்றுக் குறைந்தாலும் நான்கைந்து நாள் கூடுதலாக நிற்கும். நாட்டுத் தக்காளியின் தோல் மெல்லியது, ஆகவே அதை இரண்டு நாள் தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி, வரத்துப் பெருகும் மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் போவதுண்டு. அப்படி மலியும்போது வாங்கி, உப்பும் புளியும் மிளகாயும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுருளக் கிளறிய தொக்கு, விலை ஏறும் நாளுக்குக் கைகொடுக்கும்.

உருளையும் வெங்காயமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பூக்கும், அந்தப் பச்சையோடு சோலனின் என்ற நச்சும் கூடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி, வறுவல் கறுகிப்போகும். வெங்காயத்துக்கு வேண்டியது காற்று. சின்ன வெங்காயத்தை மூட்டையாக வாங்கும் வீடுகளில் அதைப் பரணில் பரப்பி, வாரம் ஒரு முறை கையால் துழாவி, நனைந்த வாடை அடிக்கும் பல்லைப் பொறுக்க வேண்டும். அடைமழை மாதங்களில் மூட்டையாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; எவ்வளவு பரப்பினாலும் முளைவிடுவதையும் கரும்பூஞ்சையையும் தடுக்க இயலாது.

முழுப் பரங்கியும் வெள்ளைப் பூசணியும் காம்பு முறியாமல் இருந்தால் வைக்கோல் மேல் வைத்தோ உறியில் கட்டியோ மாதக்கணக்கில் நிற்கும். பத்தை போட்டு வாங்கினால் விதையையும் நாரையும் உடனே வழித்தெடுக்க வேண்டும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். சேனையின் வெட்டுவாயைக் கழுவாமல் காற்றில் உலர விட்டால் அது தோல் கட்டிக்கொள்ளும், அடுத்த வாரம் மெல்லியதாக ஒரு வில்லை சீவித் தள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம்.

தேங்காயைக் குடுமியோடு, கண் மேல்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். உடைத்த பின் கண் உள்ள மூடியை முதலில் துருவ வேண்டும், அதுதான் முந்திக் கெடும்.

வாழைத்தார்

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வீடுகளில் தாராகவே வாழை வந்து இறங்கும். முழுத்தாரையும் கூடத்து உத்திரத்தில் தொங்கவிட்டால் மேல்சீப்பிலிருந்து கீழாக வரிசையாகப் பழுக்கும் என்றாலும், ஒரு சீப்பு பழுக்கத் தொடங்கியதும் அது வெளியிடும் எத்திலீன் வாயு மற்றதையும் துரிதப்படுத்திவிடுவதால், நான்கு நாளில் வீடு முழுக்கப் பழமாகிவிடும். இதைத் தவிர்க்க, பழுக்கத் தொடங்கிய சீப்பை உடனே அறுத்து வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டும். மொந்தன் தாராக இருந்தால் பாதியைக் காயாகவே வறுவலுக்கும் பொரியலுக்கும் கொடுத்துவிடலாம். சீப்பைத் தரையில் கிடத்தினால் அடிப்பழம் நசுங்கும். ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். முற்றிலும் பழுத்து உதிரும் நிலையில் உள்ள பழத்தை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கலாம். தோல் கறுத்தாலும் உள்ளே சதை ஓரிரு நாள் நன்றாகவே இருக்கும்.

இதே எத்திலீன் காரணமாகத்தான் பழுத்த வாழை, மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் ஆகியவற்றைக் கீரைக்கும் வெள்ளரிக்கும் கேரட்டுக்கும் அருகில் வைக்கக் கூடாது. கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். மாங்காயைப் பழுக்க வைக்க விரும்பினால் அந்த வாயுவையே வேலைக்காரனாக்கிக்கொண்டு, வைக்கோலுக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ வைக்கலாம். தினமும் ஒரு முறை முகர்ந்து பார்த்து, மணம் வந்ததை எடுத்துவிட வேண்டும். வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் நறுக்கியதும் நீர்மோரில் போட்டால் கறுக்காது.

மண்பானைக் குளிர்ச்சி எப்போது பலிக்கும்

ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி நனைத்துவைத்தால் உள்ளே குளிரும் என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் அது நடக்கிறது. இதே கோட்பாட்டில் செங்கலும் மணலும் கொண்டு மின்சாரமில்லாத குளிர் அறை கட்டும் முறையை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஆனால் வெளிக்காற்று வறண்டிருந்தால்தான் நீர் வேகமாக ஆவியாகும். பங்குனி, சித்திரை நண்பகலில் தஞ்சாவூரில் இந்தப் பானை நன்றாகப் பலன் தரும். கடற்காற்று ஈரத்தோடு வீசும் நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் பலன் குறையும். கார்த்திகையில் எங்கும் பயனில்லை. பானையைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, காலை மாலை இரு வேளையும் மணலை நனைத்து, வாயை ஈரத்துணியால் மூட வேண்டும். இஞ்சிக்கும் பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள்கொத்தின் கிழங்குக்கும் பானை ஒன்று போதும். சற்றே ஈரமான மணலில் புதைத்துவிட்டால் வாடாமல் கிடக்கும்.

மிஞ்சியதை வற்றலாக்குதல்

மாசியிலிருந்து சித்திரைவரை மாடி வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. கொத்தவரை, கத்தரி, சுண்டைக்காய், மணத்தக்காளி, மிளகாய் என எது மலிந்தாலும் வற்றலாக்கலாம். மோர்மிளகாய்க்கு, குண்டு மிளகாயைக் காம்போடு கழுவி உலர்த்தி, நுனியில் சிறிதாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த கெட்டி மோரில் இரவு முழுவதும் ஊற விட வேண்டும். காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும்; மோர் முழுவதும் மிளகாய்க்குள் ஏறித் தீரும்வரை இதைத் தொடர வேண்டும். மோர் தீர்ந்த பிறகும் கையில் எடுத்தால் கலகலவென்று ஓசை வரும்வரை காய வேண்டும். ஓசை வருவதற்குள் டப்பாவில் அடைத்தால் ஆடியில் பூஞ்சை பிடிக்கும்.

தை மாதத்தில் மலியும் மொச்சையை உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு, உடனே குளிர்ந்த நீரில் அலசி, நீர் வடிந்த பின் உறைபெட்டியில் வைத்தால் வெயில் காலத்துக் குழம்புக்கு உதவும். தேங்காய்த் துருவலையும் உறைய வைக்கலாம். ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு பொட்டலமாகப் பிரித்து வைப்பது நல்லது, உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

புயலும் மின்வெட்டும்

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி பிறந்தவுடன் ஃபிரிட்ஜை நம்பிய இருப்பைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். திறக்காத ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் காக்கும். தனிக் கதவுள்ள, நிறைந்திருக்கும் உறைபெட்டி இரண்டு நாள்வரை தாங்கலாம். ஒற்றைக்கதவுப் பெட்டியின் சிறிய உறையறையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. புயல் அறிவிப்பு வந்ததுமே பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

நான்கு மணி நேரம் கடந்துவிட்டால் நறுக்கிய காய், அரைத்த தேங்காய், சமைத்த மிச்சம் ஆகியவற்றை முகர்ந்து பார்த்து நம்பாமல் எறிந்துவிட வேண்டும். முழுக்காய்களுக்கு அவ்வளவு அவசரமில்லை. அவற்றை வெளியே எடுத்து, துடைத்து, பாயில் பரப்பி, கீரை முதலாகவும் பீன்ஸ் அடுத்ததாகவும் முட்டைக்கோஸும் கேரட்டும் கடைசியாகவும் சமைத்துத் தீர்க்கலாம். பரங்கி, சேனை, கருணை, வாழைக்காய், உருளை, வெங்காயம் என ஃபிரிட்ஜே தேவைப்படாத ஆறு பொருள்கள் அந்த மாதங்களில் எப்போதும் வீட்டில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், மின்சாரம் திரும்பும்வரை குழம்புக்குக் காய் தேடி வெள்ளத்தில் இறங்க வேண்டியிருக்காது.